ஊக்கமருந்தா, போதைப்பொருளா? கோமதி மாரிமுத்துவைப் பற்றி எழுதும் முன்

“விடாமுயற்சி” என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தால் போதும், செங்காங்கில் நான் கற்பிக்கும் உயர்நிலை வகுப்பில் யாராவது ஒருவர் கோமதி மாரிமுத்துவை எழுதிவிடுவார். திருச்சி அருகே முடிகண்டம் கிராமம், எளிய விவசாயக் குடும்பம், 30 வயதில் ஆசியத் தங்கம். படிப்பவர் மனத்தைத் தொடும் கதைதான். ஆனால் மாணவர்களே, அது முதல் பாதி மட்டும்தான். இரண்டாம் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் தேர்வில் எழுதினால் உங்கள் எடுத்துக்காட்டே உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும்.

நடந்தது என்ன?

2019 ஏப்ரலில் தோஹாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில், 800 மீட்டர் ஓட்டத்தை 2 நிமிடம் 2.70 விநாடியில் முடித்துக் கோமதி தங்கம் வென்றார். தமிழ்நாடே கொண்டாடியது. அடுத்த மாதமே செய்தி மாறியது. அவர் கொடுத்த சிறுநீர் மாதிரியில் ‘19-நோராண்ட்ரோஸ்டிரோன்’ இருப்பது தெரியவந்தது. நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு உடலில் சிதையும்போது உண்டாகும் பொருள் அது. தாம் தடைசெய்யப்பட்ட மருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்று கோமதி மறுத்தார். விசாரணைக்குப் பிறகு 2020 ஜூனில் முடிவு வெளியானது: 2019 மே 17 முதல் நான்கு ஆண்டுத் தடை, தங்கப் பதக்கமும் பறிபோனது. தோஹாவில் இரண்டாவதாக வந்த சீன வீராங்கனை வாங் சுன்யூ தங்கத்துக்கு உரியவரானார்.

இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வாங் சுன்யூவுக்குத் தங்கம் வந்தது. ஆனால் மேடையில் முதலிடத்தில் நின்று தம் நாட்டுப் பண்ணைக் கேட்கும் அந்த நிமிடம்? அது போனது போனதுதான். ஊக்கமருந்தால் யாருக்கு நஷ்டம் என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால், இந்த ஒரு எடுத்துக்காட்டே போதும்.

இரண்டு சொற்கள், இரண்டு பொருள்

நம் ஊரில் போதைப்பொருள் ஒழிப்பைப் பற்றிச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்கிறோம். அதனால் மாணவர்கள் பலர் ஊக்கமருந்து என்று எழுத வேண்டிய இடத்தில் போதைப்பொருள் என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றில்லை.

போதைப்பொருள் மனத்தை மயக்குவது. அதைத் தடுப்பது நாட்டின் சட்டம். ஊக்கமருந்து உடலின் திறனைச் செயற்கையாகக் கூட்டுவது. அதைத் தடுப்பது விளையாட்டு விதி. நாண்ட்ரோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் தசை வளரவும், கடுமையான பயிற்சிக்குப் பிறகு உடல் சீக்கிரம் தேறவும் உதவுகின்றன. மற்றவரைவிட அதிகமாகப் பயிற்சி செய்ய முடிகிறது. அதற்குக் கொடுக்கும் விலையும் அதிகம்: கல்லீரல், இதயப் பாதிப்பு, பெண்களுக்குக் குரல் தடித்தல், மாதவிடாய்க் கோளாறு.

நம் நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங் 2022 மே மாதம் வியட்நாமில் கஞ்சா உட்கொண்டதாகப் பின்னர் ஒப்புக்கொண்டார் அல்லவா? அது போதைப்பொருள் விவகாரம். 2016இல் அவர் ரியோவில் வென்ற ஒலிம்பிக் தங்கத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. கஞ்சா போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலிலும் இருப்பதால்தான் குழப்பம் வருகிறது. இந்த இரண்டு நிகழ்வுகளையும் ஒரே பத்தியில் கலந்து எழுதாதீர்கள்.

“தெரியாம சாப்பிட்டா என்ன டீச்சர்?”

இந்தக் கேள்வி வகுப்பில் கட்டாயம் வரும். நியாயமான கேள்விதான். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 1999இல் உருவானது. அதன் விதிப்படி, தன் உடலுக்குள் எது போகிறதோ அதற்கு விளையாட்டாளரே பொறுப்பு. இருமல் மருந்தா, சத்து மாவா, பயிற்றுநர் கொடுத்த மாத்திரையா என்பதெல்லாம் பிறகுதான். மாதிரியில் பொருள் இருந்தாலே விதிமீறல். ஸ்டீராய்டு என்றால் பொதுவாக நான்கு ஆண்டுத் தடை. வேண்டுமென்றே செய்யவில்லை என்று விளையாட்டாளர்தான் நிரூபிக்க வேண்டும். நோய்க்காக ஒரு மருந்து தேவைப்பட்டால், முறைப்படி விண்ணப்பித்து விலக்குப் பெறலாம்.

கடுமையாகத் தோன்றுகிறது, இல்லையா? ஆனால் “எனக்குத் தெரியாது” என்ற ஒரு சொல்லை ஏற்றுக்கொண்டால், எல்லாரும் அதையே சொல்லித் தப்பிவிடலாம்.

எல்லா விளையாட்டும் இப்படிக் கறாராக இருந்ததில்லை. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் பல ஆண்டுகள் ஸ்டீராய்டைக் கண்டும் காணாமல் இருந்தார்கள். தண்டனையோடு கூடிய பரிசோதனை 2004இல்தான் வந்தது. 2007இல் வெளியான மிட்செல் அறிக்கை வீரர்கள் பலரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. ஒரே பருவத்தில் 73 ஹோம் ரன் அடித்த பேரி பாண்ட்ஸ் மீதும் சந்தேகம் விழுந்தது. தெரிந்து பயன்படுத்தவில்லை என்றார் அவர். அவருடைய சாதனை இன்றும் ஏட்டில் இருக்கிறது. ஆனால் பத்து ஆண்டுகள் வாக்கெடுப்பு நடத்தியும் பேஸ்பால் எழுத்தாளர்கள் அவரைப் புகழ்மண்டபத்துக்குத் தேர்ந்தெடுக்கவில்லை. அங்கே எண் மிஞ்சியது, மரியாதை கிடைக்கவில்லை. தடகளத்தில் எண்ணே அழிக்கப்படுகிறது.

எழுதும்போது வினைச்சொல்லைக் கவனியுங்கள்

“கோமதி ஏமாற்றினார்” என்று எழுதலாமா? வேண்டாம். “கோமதி பாவம், ஒன்றுமே செய்யவில்லை” என்றும் எழுத வேண்டாம். அவர் மனத்தில் இருந்தது நமக்குத் தெரியாது. மாதிரியில் இருந்தது தெரியும். ஆகவே:

• “அவருடைய மாதிரியில் தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்தின் தடயம் கண்டறியப்பட்டது.”
• “அவர் குற்றச்சாட்டை மறுத்தார்.”
• “அவருக்கு நான்கு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது, பதக்கம் பறிக்கப்பட்டது.”

மூன்றுமே உண்மை. மூன்றிலும் யார்மீதும் அளவுக்கு மீறிய பழி இல்லை. செயப்பாட்டு வினை எதற்கு என்று இலக்கண வகுப்பில் அலுத்துக்கொள்பவர்களுக்கு இதுதான் பதில்: நமக்குத் தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்ல அது உதவுகிறது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கோமதியின் கதையைப் பாடத்திலிருந்து நீக்க வேண்டியதில்லை. ‘விடாமுயற்சி’ என்ற தலைப்பிலிருந்து எடுத்து, ‘வெற்றியா, நேர்மையா?’ என்ற தலைப்புக்கு மாற்றுங்கள். கலந்துரையாட மூன்று கேள்விகள்:

1. தெரியாமல் உட்கொண்டவருக்கும் தெரிந்தே உட்கொண்டவருக்கும் ஒரே தண்டனை நியாயமா?
2. பிறகு கையில் கிடைக்கும் தங்கம், இழந்த மேடைக்கு ஈடாகுமா?
3. ஒருவரைப் புகழ்ந்து கொண்டாடிய நாம், அவர் விழுந்த பிறகு அவரைப் பற்றி எப்படிப் பேச வேண்டும்?

மூன்றாவது கேள்விக்கு அவசரப்படாமல் நேரம் கொடுங்கள். மாணவர்கள் அதிகம் பேசப்போவது அதற்குத்தான்.