அண்ணன் நடத்திய பாட்டுக் கோஷ்டி

சென்னை மயிலாப்பூரில் லஸ் முனை இருக்கிறது. அங்கே சாயி லாட்ஜ் என்ற விடுதியில் தன்ராஜ் மாஸ்டர் தங்கியிருந்தார். மேல்நாட்டு இசை கற்றுக்கொடுப்பது அவர் தொழில்.

1968-ம் ஆண்டில் அவரிடம் ஒரு வாலிபர் மாணவராகச் சேர்ந்தார். பெயர் ராசையா. ஊர் பண்ணைப்புரம். அது இப்போது தேனி மாவட்டத்தில் இருக்கிறது.

அந்த வாலிபர்தான் இளையராஜா!

இந்தக் கதை பலருக்குத் தெரியும். ஆனால் அவர் வெறுங்கையோடு வரவில்லை. 10 ஆண்டு மேடைப் பழக்கத்தோடு வந்தார். அதைக் கொடுத்தது அவருடைய அண்ணனின் பாட்டுக் கோஷ்டி.

தேவிகுளம் தேர்தல்

அண்ணன் பெயர் பாவலர் வரதராஜன். கம்யூனிஸ்டு மேடைகளில் பாடுகிறவர். 1958-ல் கேரளாவில் தேவிகுளம் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. அங்கே தேயிலைத் தோட்டங்களில் தமிழர்கள் ஏராளம். பாவலர் பாட்டுப் பாடி ஓட்டுக் கேட்டார். கம்யூனிஸ்டு வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார்.

தம்பி ராசையாவும் அந்தச் சமயத்தில்தான் மேடை ஏறினார். முதலில் பெண் குரலில் பாடினார். குரல் உடைந்ததும் ஆர்மோனியத்துக்கு மாறினார். தம்பிகள் பாஸ்கரும் கங்கை அமரனும் சேர்ந்தார்கள். "பாவலர் பிரதர்ஸ்" என்று பெயர் வந்தது.

ஜனங்களுக்குத் தெரிந்த மெட்டை எடுப்பார் பாவலர். அதில் புதுச் சொற்களை வைப்பார். பகல் எல்லாம் உழைத்துக் களைத்தவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். டிக்கெட்டா வாங்கியிருக்கிறார்கள்? எந்த மெட்டு கூட்டத்தைப் பிடித்து நிறுத்தும் என்பதை ராசையா அங்கே பார்த்துப் பார்த்துக் கற்றார். இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தர முடியாது என்பது என் எண்ணம்.

ரூ.400

பிள்ளைகள் சென்னைக்குப் புறப்பட்டபோது தாயார் சின்னத்தாய் வீட்டு ரேடியோவை விற்று 400 ரூபாய் கொடுத்தார். இளையராஜாவே இதைச் சொல்லியிருக்கிறார்.

மயிலாப்பூரில் அவர் இசையை எழுதவும் படிக்கவும் கற்றார். ஜெர்மன் மேதை பாக்கின் இசையை அறிந்தார். பிறகு ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார்.

1976-ல் "அன்னக்கிளி" வந்தது. கிராமத்து மெட்டு, அதற்குக் கீழே மேல்நாட்டு முறையில் வாத்தியங்கள். மேடையில் கேட்டதும் மயிலாப்பூரில் படித்ததும் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஊரெல்லாம் அதே பாட்டு!

அண்ணன் அதைக் கேட்கவில்லை. அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

லண்டன் வரை

பின்னால் வந்தவர்கள் பலர் இந்த வழியில் நடந்தார்கள். ஏ.ஆர்.ரகுமான் சிறுவயதில் இளையராஜா குழுவில் கீபோர்டு வாசித்தவர். தன்ராஜ் மாஸ்டரிடமும் படித்தவர். 1992-ல் "ரோஜா"வில் தனிப் பாதை போட்டுக்கொண்டார்.

யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த லண்டன் பாடகி மாயா அருள்பிரகாசம் 2007-ல் ஓர் ஆங்கிலப் பாட்டு வெளியிட்டார். அதில் "தளபதி" படப் பாட்டின் தாளம் ஒலிக்கிறது. அதே லண்டனில் 2025 மார்ச் 8-ந் தேதி இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியது.

பாஸ்கர் பட அதிபர் ஆனார். 1981-ல் வந்த "அலைகள் ஓய்வதில்லை" அவர் எடுத்ததுதான். கம்பெனிக்கு அண்ணன் பெயரையே வைத்தார்கள்: பாவலர் கிரியேஷன்ஸ். டெலிவிஷனில் அந்தப் படம் போட்டால், ஆரம்பத்தில் பெயர்கள் ஓடும்போது எழுந்து போகாமல் பாருங்கள்.