சென்னை மெயில் ஏறுமுன்...
அமெரிக்கப் படிப்பு விசாவுக்கு வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

பெங்களூர் சிட்டி ரயில் நிலையத்தில் சென்னை மெயில் புறப்படும் நேரத்தில் அந்தக் குடும்பங்களைச் சுலபமாக அடையாளம் கண்டுகொள்ளலாம். பையனோ பெண்ணோ, ஒரு தடித்த கோப்பை மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருக்கும். அப்பா டிக்கெட்டைவிட அதிகத் தடவை பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். அம்மாவின் கைப்பையில் விபூதிப் பொட்டலம் இருக்கும்.

அமெரிக்காவில் மேல்படிப்பு படிக்க விசா கேட்டுப் போகிறவர்கள் இவர்கள். சென்னை அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலத்தை ஒட்டியுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள்தான் கர்நாடகமும் வருகிறது. பெங்களூரிலும் ஒரு துணைத் தூதரகத்துக்கு 2025 ஜனவரி 17-ந் தேதி துவக்க விழா நடந்தது. ஆனால் விசா வேலை அத்துடன் தொடங்கிவிடவில்லை. ஆகவே அலசூர், ஸ்ரீராமபுரம், சிவாஜிநகர் பிள்ளைகளும், தங்கவயல் பிள்ளைகளும் சென்னைக்கு ரயில் ஏறுகிறார்கள்.

2023-24 கல்வி ஆண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அந்த ஆண்டு சீனாவையும் முந்திவிட்டோம். அந்தக் கணக்கில் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் மட்டும் இல்லை. 2001-ல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, படிப்பைத் தவிர வேறு சொத்து இல்லாத தங்கவயல் குடும்பங்களுக்கும் இந்த ஆசை உண்டு.

கண்ணாடி ஜன்னலுக்கு முன் நடக்கும் பேட்டி சில நிமிஷங்களில் முடிந்துவிடும். அதற்காக வீட்டுப் பத்திரம் பாங்குக்குப் போயிருக்கும். நகை அடகுக்குப் போயிருக்கும். ஆனால் அந்தச் சில நிமிஷங்களின் முடிவு பெரும்பாலும் பல மாதங்களுக்கு முன்பே, வீட்டுக் கூடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

பெயரில் வரும் சிக்கல்

முதல் வேலை பெயர். தமிழர்களுக்கே உரிய தொல்லை இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்துதான் உண்டு. முருகன் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். வீட்டில் எஸ்.முருகன். கர்நாடகப் பள்ளிச் சான்றிதழில் முருகன் எஸ். பாஸ்போர்ட்டில் வெறும் முருகன். ஆள் ஒருவர், பெயர் மூன்று!

அமெரிக்க முறையில் இரண்டு பெயர் வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால், அதைக் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டு, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எப்.என்.யு.' என்று போட்டுவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். பிறகு அங்கே பாங்க் கணக்கிலும் டிரைவிங் லைசென்ஸிலும் அந்த மூன்று எழுத்து பின்தொடரக்கூடும்.

தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துப் புதுப் பாஸ்போர்ட் வாங்கிக்கொள்வது நல்லது. அதையும் கல்லூரிக்கு மனுப் போடுமுன் செய்ய வேண்டும். ஏனென்றால் கல்லூரி அனுப்பும் ஐ-20 படிவத்திலும், விசா மனுவிலும், பாஸ்போர்ட்டிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

கட்ட வேண்டிய பணம்

ஐ-20 வந்த பிறகு 'செவிஸ்' என்ற மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர். விசா மனுவுக்கு 185 டாலர். இரண்டும் சேர்ந்து ரூபாயில் 45 ஆயிரத்துக்கு மேல். விசா மறுக்கப்பட்டாலும் மனுக் கட்டணம் திரும்பி வராது. 2025 ஜூலையில் நிறைவேறிய அமெரிக்கச் சட்டம் ஒன்று இன்னும் 250 டாலர் வசூலிக்க இடம் தந்திருக்கிறது. ஆகவே அன்றைய தொகையை அரசாங்கத்தின் சொந்த இணையதளத்தில் பார்த்துவிட்டே கட்ட வேண்டும். ஏஜெண்டு வாய்க் கணக்கை நம்பக்கூடாது.

டி.எஸ்.-160 என்னும் மனுவை மாணவரே உட்கார்ந்து நிரப்புவது உத்தமம். கடந்த 5 ஆண்டுகளில் உபயோகித்த சமூக ஊடகக் கணக்குகளையும் அதில் கேட்கிறார்கள். 2025 ஜூன் முதல், மாணவர்கள் அந்தக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்றும் உத்தரவு.

காட்டுகிற பணம்

ஐ-20 படிவத்தில் முதல் ஆண்டுச் செலவு அச்சாகியிருக்கும். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று காட்ட வேண்டும். சேமிப்பாக இருக்கலாம், பாங்க் கடனாக இருக்கலாம், சித்தப்பாவோ மாமாவோ ஏற்றுக்கொள்வதாகவும் இருக்கலாம். பொதுத்துறை பாங்குகளில் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாக ஈடு கேட்பார்கள். பேட்டிக்குக் கடன் அனுமதிக் கடிதமே போதும். விசா கிடைக்குமுன் முழுத் தொகையையும் எடுத்து வட்டி கட்ட வேண்டியதில்லை.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். பத்து நாள் வட்டிக்குப் பணம் வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டலாம் என்று சொல்லித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். மார்க் பட்டியல், வேலை அனுபவச் சான்று எல்லாம் 'ஏற்பாடு' செய்பவர்களும் உண்டு. விசாவுக்காகப் பொய்யான தகவல் கொடுத்தது நிரூபணமானால், அமெரிக்கச் சட்டப்படி அது வாழ்நாள் தடை. ஏஜெண்டு கடையை மாற்றிக்கொண்டு போய்விடுவார். தடை பிள்ளையின் பெயரில் நிற்கும்!

ஜன்னலுக்கு முன்னால்

சென்னையில் வேலை இரண்டு கட்டம். முதலில் விசா மையத்தில் கைரேகையும் புகைப்படமும். இன்னொரு நாள் துணைத் தூதரகத்தில் பேட்டி. ஆகவே ஒரு ராத்திரி தங்க ஏற்பாடு வேண்டும். பேட்டிக்குக் கைப்பேசி கொண்டு போக முடியாது. பெற்றோர் வெளியேதான் நிற்க வேண்டும். பிள்ளை தனியாகப் போக வேண்டிய முதல் இடம் அதுதான்.

1952-ம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு. விசா கேட்பவர் அங்கேயே தங்கிவிட எண்ணுகிறார் என்றே அதிகாரி முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியில்லை என்று காட்ட வேண்டியது மாணவரின் பொறுப்பு. ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்தக் கல்லூரி, செலவு யார், படித்த பின் என்ன என்ற கேள்விகள் எல்லாம் அதைச் சுற்றியே வருகின்றன.

இதற்குக் கான்வென்ட் ஆங்கிலம் தேவையில்லை. மனப்பாடம் கூடவே கூடாது. நாள் முழுதும் ஒரே பதிலைக் கேட்கும் அதிகாரிக்கு, மனப்பாடம் முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். தான் படிக்கப் போகும் பாடம் என்ன, அது இங்கே என்ன வேலைக்கு உதவும், அப்பாவின் வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று பிள்ளைக்கே தெரிந்திருக்க வேண்டும். பல வீடுகளில் கடன் விவரத்தைப் பிள்ளையிடம் மறைக்கிறார்கள். மனசு கஷ்டப்படும் என்ற பாசம்தான் காரணம். ஆனால் ஜன்னலுக்கு முன் பிள்ளை விழிப்பது அதனால்தான்.

படிப்பு முடிந்ததும் ஓராண்டு வேலைப் பயிற்சி பெறவும், விஞ்ஞானம், என்ஜினீயரிங் படித்தவர்கள் மேலும் 24 மாதம் நீட்டிக்கவும் தற்போதைய விதிகளில் வழி உண்டு. அதைப் பற்றிக் கேட்டால் பூசி மெழுகாமல் சொல்லலாம். படிக்கும்போதே சம்பாதித்துக் கடனை அடைத்துவிடலாம் என்று மட்டும் கணக்குப் போடக்கூடாது. கல்லூரி நடக்கும் நாட்களில், கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேர வேலைக்குத்தான் அனுமதி.

மறுத்துவிட்டால்?

விசா கிடைத்தால் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். 214(பி) என்று சொல்லிக் கையில் கொடுத்துவிட்டால், மேல்முறையீடு கிடையாது. புதிதாகக் கட்டணம் கட்டி மறுபடி மனுப் போடலாம். ஆனால் நிலைமையில் எதுவும் மாறாமல் மறுவாரமே ஓடுவதில் பயனில்லை. அடுத்த மனுவில், முன்பு விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு ஆமாம் என்றே எழுத வேண்டும். அதை மறைப்பது மறுப்பைவிடப் பெரிய ஆபத்து.

பேட்டியன்று பிற்பகல் சென்ட்ரலிலிருந்து புறப்படும் லால்பாக் எக்ஸ்பிரசில் இரண்டு விதக் குடும்பங்களும் திரும்புகின்றன. கோப்பில் உள்ளது அத்தனையும் உண்மையாக இருந்தால், வெறுங்கையோடு வரும் பிள்ளைக்கும் அடுத்த ரயில் உண்டு. பொய்க் காகிதம் வைத்துப் பிடிபட்ட பிள்ளைக்கு அதுவே கடைசி ரயிலாகிவிடலாம். வீட்டுப் பத்திரத்தை ஈடு வைக்கும் தகப்பனார், பிள்ளையின் பெயரை ஈடு வைக்காமல் இருந்தால் போதும்.