வீர இசையின் நிலைபேறு

வீரரைப் போற்றி எழுந்த இசை, அவ்வீரர் மறைந்த பின்னரும் கேட்போரை ஆட்கொள்வது எங்ஙனம்? பேரொலியே காரணம் என்பார் உளர். செருமானிய இசைப் பெரியார் பீத்தோவனின் மூன்றாம் சிம்பொனியாகிய 'எரோய்க்கா'வைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

வியன்னாவில் 1805இல் பொதுமேடை ஏறிய இப்படைப்பு இரண்டு முழக்கங்களுடன் தொடங்குகிறது. அடுத்துச் செல்லோக்களில் மென்மையாக எழும் எளிய மெட்டோ, 7ஆம் தாள அளவிலேயே தன் சுரக்கோவைக்குப் புறம்பான ஒரு சுரத்தில் தடுமாறி, ஐயத்தை விதைக்கிறது. நெடுநேரம் கழித்து மெட்டு மீளும்போது, முன்னர் மேலேறிய அதே சுரம் கீழிறங்கி, வேறொரு சுரக்கோவைக்கு வழி திறக்கிறது. இடரே வாயிலாகிறது. இரண்டாம் பகுதி சாவு ஊர்வல நடை. அதன் இறுதியில் மெட்டு துண்டு துண்டாகச் சிதைந்து அடங்குகிறது. அதன் பின்னரும் இரு பகுதிகள் கிளர்ந்தெழுகின்றன.

செவிப்புலன் குன்றிச் சாவை எண்ணியதையும், கலையே தம்மைத் தடுத்ததையும் 1802இல் எழுதி வைத்தவர் பீத்தோவன். நெப்போலியன் பெயரை முதலில் தாங்கிய இப்படைப்பு, 1806இல் அச்சேறியபோது பெயர் சுட்டாத ஒரு பெருமகனின் நினைவுக்கு உரியதாயிற்று.

ஆதலின், வீர இசையின் ஆற்றல் முழக்கத்தில் இல்லை. தடுமாறிய ஒன்று நம் செவிமுன்னரே நிமிர்வதில் உள்ளது. பெயர் நீங்கிய அவ்விடத்தில் ஒவ்வொரு தலைமுறையும் தன்னையே வைத்துக் கேட்கிறது எனக் கருதுகிறோம்.