மசாலாத் தோட்டத்தில் ஃபார்ம் ஸ்டே: திண்டுக்கல் விவசாயிகள் முதலில் போட வேண்டிய கணக்குகள்

கொடைக்கானல் செல்லும் வாகனங்களுக்கு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம் ஆனது. 2025 ஏப்ரலில் இருந்து வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 என்று வாகன எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. மேலே போக முடியாதவர்களும் கூட்டம் பிடிக்காதவர்களும் மலையடிவாரத்திலேயே தங்க இடம் தேடுவது இயல்பு. இதைப் பார்த்து ஆத்தூர், நிலக்கோட்டை, நத்தம், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகள் சிலருக்கு, தோட்டத்தில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடலாமா என்ற எண்ணம் வந்திருக்கலாம்.

விடலாம். ஆனால், தோட்டம் தானாகவே பிழைக்க வேண்டும். விருந்தினர் தரும் பணம் மேல்வருமானமாக மட்டும் இருக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் கடனும் தண்ணீர்ப் பஞ்சமும்தான் மிஞ்சும்.

எந்த நிலத்துக்கு எந்த வாசனைப் பயிர்?

மசாலாத் தோட்டம் என்றதும் பலருக்கும் குமுளி, தேக்கடிதான் நினைவுக்கு வரும். ஏலக்காய், மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் என்று அங்கே காட்டுவதை அப்படியே திண்டுக்கல் சமவெளியில் வைக்க முயல்வது வீண் செலவு. ஏலக்காய்க்குக் கடல் மட்டத்தில் இருந்து 600 முதல் 1,200 மீட்டர் உயரமும், 1,500 மி.மீட்டருக்கு மேல் மழையும், நல்ல நிழலும் தேவை. திண்டுக்கல் சமவெளியின் ஆண்டு மழை சுமார் 800 மி.மீ. அதிலும் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான்.

நம் பகுதியை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

• கீழ்ப்பழநி மலையும் சிறுமலையும்: தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர், ஆடலூர் பகுதிகளில் காபி, மிளகு, ஏலக்காய், ஆரஞ்சு, மலைவாழை ஆகியவை நிழல் மரங்களோடு கலந்து வளர்கின்றன. மரத்தில் மிளகுக் கொடி, கீழே காபி என்ற இந்த அடுக்கு முறையே நம் மாவட்டத்தின் பாரம்பரிய மசாலாத் தோட்டம்.

• மலையடிவாரம்: ஆத்தூர், அய்யம்பாளையம், சித்தையன்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் உண்டு. கோடையிலும் சொட்டுநீர் கொடுக்க முடிந்தால், தோப்பு நிழலில் பன்னியூர் 5 போன்ற மிளகு ரகத்தை 20, 25 கொடிகள் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு கோடை தாங்கிய பிறகு விரிவுபடுத்துங்கள்.

• சமவெளி: புளி, மிளகாய், கொத்தமல்லி, கறிவேப்பிலை, மஞ்சள், சின்ன வெங்காயம், முருங்கை. சாம்பாருக்கும் ரசத்துக்கும் பிரியாணிக்கும் போகிற அன்றாடச் சரக்கு இதுதான். நகரத்துக் குழந்தைகளில் பலர் கொத்தமல்லி பூத்ததையோ, புளியம்பழம் உலுக்குவதையோ பார்த்ததே இல்லை. நமக்குச் சாதாரணமாகத் தெரிவதே அவர்களுக்குப் புதுமை.

புதிதாக நடுபவர்கள் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 புளியை ஒட்டுக்கன்றாக வாங்கி, 10 மீட்டர் இடைவெளியில் வைக்கலாம். ஏக்கருக்கு 40 மரம் வரும். மரங்கள் நிழல் கட்டும் வரை ஊடே மிளகாயும் கொத்தமல்லியும் போடலாம்.

அறுவடை மாதமும் விருந்தினர் மாதமும்

அக்டோபரில் விதைத்த கொத்தமல்லி ஜனவரி, பிப்ரவரியில் அறுவடைக்கு வரும். வைகாசியில் நட்ட மஞ்சளை பிப்ரவரி, மார்ச்சில் வெட்டலாம். மிளகாய் வற்றல் பறிப்பும் புளி உலுக்கலும் ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை நடக்கும். பகலில் வெயில் தாங்கும்படி இருப்பதும் ஜனவரி, பிப்ரவரியில்தான். ஆகவே இந்தச் சமவெளியில் விருந்தினரை அழைக்கச் சரியான காலம் பொங்கலில் இருந்து மார்ச் வரை.

ஆனால் கூட்டம் வருவது ஏப்ரல், மே பள்ளி விடுமுறையில். அப்போது வயலில் காட்ட ஒன்றும் இருக்காது. கிணற்றிலும் தண்ணீர் இறங்கியிருக்கும். கோடையில் மூடி வைப்பது, அல்லது ஓர் அறையை மட்டும் திறப்பது நல்லது. சுற்றுலாவுக்காகக் கோடையில் புல்தரை வளர்ப்பதும் நீச்சல் குளம் நிரப்புவதும் பயிருக்குப் போக வேண்டிய தண்ணீரை எடுத்துவிடும்.

தண்ணீர்க் கணக்கு

ஊரகக் குடிநீர்த் திட்டமான ஜல் ஜீவன் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கிடுகிறது. நகரத்துக்கு வைத்திருக்கும் அளவு 135 லிட்டர். வருகிறவர்கள் நகரத்துப் பழக்கத்தோடுதான் வருவார்கள். துணி, படுக்கை விரிப்பு துவைப்பதையும் சேர்த்து ஆளுக்கு 150 லிட்டர் என்று வைத்தால், 8 பேருக்கு ஒரு நாளைக்கு 1,200 லிட்டர்.

இனி, மேலிருந்து என்ன வருகிறது என்று பாருங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 800 மி.மீ. மழை பெய்து, அதில் 80 சதவீதத்தைப் பிடித்தால், ஆண்டுக்குச் சுமார் 59,000 லிட்டர் கிடைக்கும். அந்த 8 பேருக்கு அது 49 நாளைக்கு வரும். மொத்த மழையையும் தொட்டியில் பிடித்து வைக்க முடியாது என்பதால் உண்மையில் இன்னும் குறையும். உங்கள் கூரை நீரும் கிணறும் தாங்கும் நாட்களே நீங்கள் விருந்தினரை ஏற்கக்கூடிய நாட்கள். வெளியில் இருந்து லாரித் தண்ணீர் வாங்கி நடத்தும் ஃபார்ம் ஸ்டே நிலைக்காது.

குளியல் நீரைக் கல்வாழைப் படுகை வழியாக வடித்து, வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் விடலாம். கழிப்பறைக்கு இரட்டை உறிஞ்சுகுழி போதும். கிணற்றில் இருந்து குறைந்தது 50 அடி தள்ளி வையுங்கள். மலையடிவாரத்தில் இது இன்னும் முக்கியம். திண்டுக்கல் நகரத்துக்குக் குடிநீர் தரும் ஆத்தூர் காமராஜர் அணைக்குத் தண்ணீர் வருவது கீழ்ப்பழநிச் சரிவுகளில் இருந்துதான். மேலே விடும் கழிவு கீழே குடிநீரில் சேரும்.

பணக் கணக்கு

ஓர் உதாரணம். 2 அறைகள், ஓர் இரவுக்கு அறைக்கு 2,000 ரூபாய். வார இறுதியில் மட்டும் ஆள் வந்து, அதிலும் பாதி நாள் நிரம்பினால், மாதம் 8 அறை-இரவுகள். வரவு 16,000 ரூபாய். உணவு, சலவை, மின்சாரம், கூலி ஆகியவற்றுக்குப் பாதி போனால் 8,000 ரூபாய் நிற்கும்.

இதே அறைகளை 10 லட்சம் ரூபாய் கடன் வாங்கிக் கட்டினால்? 11 சதவீத வட்டியில் 7 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 17,100 ரூபாய். நிற்கும் 8,000 ரூபாயில் தவணையின் பாதியைக்கூட அடைக்க முடியாது. மீதியை மிளகாயும் புளியும் கட்ட வேண்டியிருக்கும். ஒரு பருவம் பொய்த்தால் நிலமே அடமானத்துக்குப் போகும்.

ஏற்கெனவே இருக்கும் பழைய வீட்டை, ஓட்டு வீட்டைச் சீர்செய்து தொடங்குவதே பாதுகாப்பானது. கையிருப்பில் முடிகிற வேலையை மட்டும் செய்யுங்கள். அறை வாடகையைவிட, விருந்தினர் வீட்டுக்கு வாங்கிப் போகும் பொருளில் நிலையான வருமானம் உண்டு. கொட்டை நீக்கிய புளி, கொத்தமல்லி, வற்றல், அரைத்த சாம்பார்ப் பொடி என்று ஒரு முறை வாங்கியவர் பிறகு கூரியரில் கேட்பார். மிளகாயை வெறும் தரையில் காயவைக்காமல், சுத்தமான தார்ப்பாய் மீது பரப்பி, ஈரப்பதம் 10, 11 சதவீதத்துக்கு வரும் வரை உலர்த்துங்கள். சரியாகக் காயாத வற்றலில் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் நஞ்சு உண்டாகும்.

பொறுப்பான சுற்றுலா என்றால் என்ன?

கேரளத்தின் குமரகத்தில் 2008-ல் பொறுப்புச் சுற்றுலாத் திட்டம் தொடங்கியது. உள்ளூர் விவசாயிகளும் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களும் விளைவிப்பதை அங்குள்ள ஓட்டல்கள் வாங்குவது அதன் அடிப்படை. 2017-ல் கேரள அரசு இதை மாநிலம் முழுவதற்குமான இயக்கமாக ஆக்கியது. மகாராஷ்டிராவில் பாராமதியில் தொடங்கிய வேளாண் சுற்றுலா வளர்ந்து, 2020-ல் அதற்கென்று தனிக் கொள்கையே வந்தது. இரண்டிலும் பணம் ஊருக்குள்ளேயே சுற்றுகிறது. நம் தோட்டத்திலும் இதைச் செய்யலாம்.

• பால், முட்டை, அரிசி, காய்கறியை அக்கம்பக்கத்து வீடுகளிலேயே வாங்குங்கள்.
• புளி கொட்டை எடுக்கும், மிளகாய் ஆயும் பெண்களை அவர்கள் சம்மதம் இல்லாமல் படம் எடுக்க விடாதீர்கள். விருந்தினருக்குக் கற்றுக்கொடுக்கும் நேரத்துக்குத் தனிக் கூலி கொடுங்கள்.
• விருந்தினர் பறித்துச் சாப்பிடும் கறிவேப்பிலைக்கு 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் போன்றவையே போதும். வேறு பயிருக்கு ரசாயன மருந்து அடித்தால், காத்திருப்பு நாட்கள் முடியும் வரை அந்தப் பாத்திக்கு ஆள் அனுப்ப வேண்டாம்.
• பழநி மலைச் சரிவிலும் சிறுமலையிலும் காட்டெருமை நடமாட்டம் உண்டு. இரவில் ஒலிபெருக்கி, பெரிய விளக்கு, காட்டோரம் தீ மூட்டுவது எதுவும் வேண்டாம். உணவுக் கழிவை வெளியே கொட்டாதீர்கள்.
• ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. வாழையிலையும் மண்பானைத் தண்ணீரும் நமக்குப் புதியவை அல்ல.

அனுமதிகள்

• புதிதாகக் கட்டுவதானால் ஊராட்சியின் கட்டட அனுமதி தேவை. மலையிடப் பாதுகாப்புக் குழுமப் பட்டியலில் உள்ள கிராமம் என்றால் அதன் அனுமதியும் வேண்டும். அஸ்திவாரம் தோண்டும் முன் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.
• விவசாய இலவச மின் இணைப்பை அறைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது. தனி இணைப்பு வாங்குங்கள்.
• மத்திய சுற்றுலாத் துறையின் வீட்டுத் தங்கல் திட்டம், உரிமையாளர் குடியிருக்கும் வீட்டில் 1 முதல் 6 அறைகள் வரை பதிவு செய்ய இடம் தருகிறது. மாநிலச் சுற்றுலாத் துறையின் திண்டுக்கல் அலுவலகத்திலும் விசாரியுங்கள்.
• சமைத்துக் கொடுக்கவும், பொடி வகைகளைப் பொட்டலமிட்டு விற்கவும் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு அவசியம்.
• வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தகவல் பதிய வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

முதல் ஆண்டு அறையே வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை, காலையில் வந்து மாலையில் திரும்பும் ஒரு நாள் பயணமாக நடத்திப் பாருங்கள். வயல் சுற்றல், மதியச் சாப்பாடு, மசாலா இடித்தல், பொருள் விற்பனை என்று அமைத்தால் முதலீடு மிகக் குறைவு. எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு வாங்கினார்கள், எவ்வளவு தண்ணீர் போனது என்று நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டைப் பார்த்து அடுத்த ஆண்டு ஓர் அறை திறக்கலாமா என்று முடிவு செய்யலாம்.

மிளகு, ஏலக்காய், காபி பற்றி தடியன்குடிசையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலும், சமவெளிப் பயிர்கள் பற்றி காந்திகிராமம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை பெறலாம்.