மூக்கடைப்பும் மாத்திரையும்

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் சாலைகளிலும் குடியாத்தத்துத் தறிகளிலும் பாடுபடும் நம் அங்கத்தினர்க்குப் பீனசம் புதிய நோயன்று. ‘சைனஸ்’ என்றே இன்று யாவரும் சொல்கிறோம். மூக்கையொட்டிக் கன்ன எலும்பிலும் நெற்றி எலும்பிலும் காற்றறைகள் உள்ளன. அவற்றின் வாயில் அடைபட்டால் உள்ளே சளி தேங்கும். தலை கனக்கும், கன்னம் வலிக்கும். உடனே மருந்துக் கடையில் அமாக்ஸிசிலின் நான்கு மாத்திரை வாங்கி விழுங்குவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் கைவிடத்தக்கது என்பதே நமது கருத்து.

இந்நோய் பெரும்பாலும் ஜலதோஷத்து வைரஸால் வருவது. அம்மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. ஜலதோஷம் கண்ட பெரியோர் நூற்றுவரில் மிஞ்சினால் இருவருக்கே பாக்டீரியாக் கிருமி சேர்கிறது. சளி பச்சையாவதும் அதற்குச் சான்றாகாது.

கன்னத்தறையில் ஊசி செலுத்திச் சீழ் எடுத்துச் சோதித்தவர்கள் முதன்மையாகக் கண்டவை நியூமோகாக்கஸ், ஹீமோபிலஸ் இன்ஃபுளுயன்சே என்னும் இரண்டு. சிறுவரிடம் மொராக்ஸெல்லாவும் உண்டு. (இரண்டாவதன் பெயர் வேடிக்கையானது. இன்ஃபுளுயன்சா சுரத்துக்கு இதுவே காரணமென்று 1892-ல் பைஃபர் என்ற ஜெர்மானியர் கருதினார். 1933-ல் அச்சுரத்தின் வைரஸ் அகப்பட்டது. கிருமியின் பெயர் மட்டும் மாறவில்லை.) மேல் கடைவாய்ச் சொத்தைப் பல்லிலிருந்தும் கிருமி கன்னத்தறைக்கு ஏறுவதுண்டு, அப்போது ஒரு பக்கம் மட்டும் நாற்றச் சளி வரும்.

ஊர் வைத்தியர் ஊசி செலுத்திப் பார்ப்பதில்லை, நாட்களை எண்ணுகிறார். பத்து நாளாகியும் குறையாமை, குறைந்தபின் மீண்டும் மிகுதல், கடுஞ்சுரத்தோடு மூன்று நான்கு நாள் சீழ்ச்சளி: இவை கண்டால்தான் கிருமியை ஐயுறுகிறார். அதற்குமுன் ஓய்வும், காய்ச்சி ஆறிய உப்புநீரால் மூக்கைக் கழுவுதலும் போதும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட ஆறு மருத்துவமனைகள் 1993 முதல் 1997 வரை நியூமோகாக்கஸ் கிருமியை ஆராய்ந்தன. கடும் நோயாளரிடமிருந்து எடுத்த அக்கிருமிகளுள் பாதிக்கு மேற்பட்டவை கோட்ரைமாக்ஸசோல் மருந்துக்கு அடங்கவில்லை. பென்சிலின் மட்டும் அன்று பெரிதும் பலித்தது. தேவையின்றி விழுங்கும் மாத்திரை, அடங்காத கிருமிகளையே மூக்கில் பெருகவிடுகிறது. அவை இருமல் வழியே வீட்டுக் குழந்தையை அடைந்து நிமோனியாவாக முற்றலாம். குழந்தைகளுக்கான நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2021 முதல் தமிழ்நாட்டில் அரசால் இலவசமாகப் போடப்படுகிறது, தவறாது போடுவியுங்கள்.

கண்ணைச் சுற்றி வீங்கினாலும், பார்வை மங்கினாலும், கழுத்து விறைத்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்க. தோல் தூசியில் நெடுநாள் உழைப்போர்க்கு மூக்கில் புற்றுநோய் வரக்கூடும். ஆகவே ஒரு பக்க அடைப்பு நீங்காமல் இரத்தமும் கசிந்தால், அதைப் பீனசமென்று விட்டுவிடாமல் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்டுக.