கூதிர்ப் பருவத்தில் அசையாத சுடர்

புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும் நாட்களில் நம் வயதினர் பலருக்கும் ஓர் இனம்புரியாத சோர்வு வந்து சேர்கிறது. விடிந்த பின்னும் வெளிச்சம் வருவதில்லை. மழை வரப்போவதை வானொலிக்கு முன்பே முழங்கால் மூட்டுகள் அறிவித்துவிடுகின்றன. ஆலயத்தின் கற்படிகள் நனைந்து கிடக்கும். “வழுக்கிவிடும், இன்று வேண்டாம் அப்பா” என்று பிள்ளைகள் அன்போடு தடுப்பார்கள். ஒரு நாள் நின்ற நடை ஒரு வாரம் நிற்கும். ஒரு வாரம், ஒரு பருவமாகிவிடும்.

அடியேனுக்கும் இது நேர்ந்தது. நாற்பது ஆண்டுகள் மாலைதோறும் என்னோடு சிவாலயம் வந்த என் மனைவி ஓர் ஐப்பசியில் இறைவனடி சேர்ந்தாள். மறு ஆண்டு அதே மழை பெய்யத் தொடங்கியபோது ஆலயத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். பகலெல்லாம் சாய்வு நாற்காலி, இரவெல்லாம் உறக்கமின்மை. எங்கள் ஆலயத்துக் குருக்கள் ஒரு நாள் வீட்டுக்கே பிரசாதம் கொண்டுவந்தார். ஆறுதலாக அதிகம் பேசவில்லை. “ஐயா, சுவாமிக்கு மழையிலும் காலபூஜை தவறுவதில்லை. உங்களுக்கும் ஒரு காலமாவது தவறாமல் இருக்கட்டும்” என்று மட்டும் சொல்லிச் சென்றார். அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டு எழுந்தவன் என்பதால்தான் இதை எழுதத் துணிகிறேன்.

ஆண்டே ஒரு நாள்

நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில்.

தில்லைக் கூத்தப்பெருமானுக்கு ஆண்டில் ஆறு முறை அபிஷேகம் நிகழ்வதை அன்பர்கள் அறிவார்கள். நமக்கு ஓராண்டு என்பது தேவர்களுக்கு ஒரு நாள். அந்த ஒரு நாளின் ஆறு கால வழிபாடாகவே இந்த அபிஷேகங்களைப் பெரியோர் கண்டனர். மார்கழித் திருவாதிரை வைகறை. மாசிச் சதுர்த்தசி காலை. சித்திரைத் திருவோணம் உச்சிப்பொழுது. ஆனி உத்திரம் மாலை. ஆவணிச் சதுர்த்தசி முன்னிரவு. புரட்டாசிச் சதுர்த்தசி அர்த்தசாமம்.

இந்த வரிசையைச் சற்று ஊன்றிப் பாருங்கள். கூதிர்ப் பருவத்தில் மட்டும் இந்த ஆறில் ஒன்றும் இல்லை. அர்த்தசாமம் முடிந்து வைகறை வரும் வரையுள்ள நள்ளிரவே ஐப்பசியும் கார்த்திகையும். நம் மனத்தில் இம்மாதங்களில் கவியும் இருள் நமக்கு மட்டும் உரியதன்று என்று தெரிந்தபோது எனக்குப் பாதிப் பாரம் குறைந்தது. அந்த நள்ளிரவின் நடுவிலேதான் திருக்கார்த்திகைத் தீபமும் ஏற்றப்படுகிறது.

மாறுவதும் மாறாததும்

பருவத்தை எப்படி எதிர்கொள்வது என்பதை ஆலயங்களே கற்றுத் தருகின்றன. அக்னி நட்சத்திர நாட்களில் சிவலிங்கத் திருமேனிக்கு மேல் தாரா பாத்திரம் கட்டி, துளித்துளியாக நீர் விழச் செய்கிறார்கள். கார்த்திகை மாதத்துக் கைசிக ஏகாதசியில் திருவரங்கத்து நம்பெருமாளுக்கு 365 வஸ்திரங்கள் சாற்றுகிறார்கள். மார்கழியில் சுடச்சுடப் பொங்கல் நிவேதனமாகிறது. உபசாரம் பருவத்துக்கு ஏற்ப மாறுகிறது, வழிபாடோ நிற்பதில்லை.

ஆயுர்வேதமும் இதையே வேறு சொற்களில் கூறுகிறது. ஒரு பருவத்தின் கடைசி ஏழு நாட்களையும் அடுத்ததன் முதல் ஏழு நாட்களையும் சேர்த்து ‘ருது சந்தி’ என்கிறது வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம். இந்தப் பதினான்கு நாட்களில் பழைய பழக்கத்தைப் படிப்படியாக விட்டு, புதியதைப் படிப்படியாகக் கைக்கொள்ள வேண்டும். திடீர் மாற்றம் நோய்க்கு வழி என்பது அதன் அறிவுரை. வேனிலில் குளிர்ந்த நீரில் நீராடியவர், மழை தொடங்கியதும் சிறிது சிறிதாக வெந்நீருக்கு மாறுவது இந்த முறைப்படியே ஆகும். உடலுக்குச் சொன்ன இந்த நிதானம் துக்கத்துக்கும் பொருந்தும்.

தில்லை தந்த யோகம்

கூத்தப்பெருமானின் நடனத்தைத் தில்லையில் கண்டு தொழுதவர் பதஞ்சலி முனிவர் என்பது தலபுராணம். ஆதிசேடனின் அவதாரமாக அவரை வணங்குகிறோம். ஆசனம் என்பது உறுதியாகவும் சுகமாகவும் இருக்கவேண்டும் என்பதே யோக சூத்திரம் கூறும் இலக்கணம். உடலை வளைத்து வருத்துவதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி ஆகிய எட்டு உறுப்புகளையும் முறையாக விளக்குகிறார். ஆகவே முழங்கால் மடங்காதவரும் யோகத்துக்கு உரியவரே. முதுகைச் சாய்க்காமல் நாற்காலியில் அமர்ந்து, இரு பாதங்களும் தரையில் பதிய இருந்தாலும் அது ஆசனமே.

அடியேன் கடைப்பிடிக்கும் எளிய முறையைச் சொல்கிறேன். மாலையில் ஆலயமணி ஒலிக்கும் நேரத்தில் பூஜையறையில் விளக்கேற்றி அதன் எதிரில் அமர்கிறேன். முதலில் கழுத்து, தோள், மணிக்கட்டு, கணுக்கால் ஆகியவற்றை மெல்ல அசைத்துத் தளர்த்துகிறேன். பிறகு சுவாசத்தை மாற்ற முயலாமல், அது வருவதையும் போவதையும் கவனிக்கிறேன். உள்ளே வரும் மூச்சோடும் வெளியே செல்லும் மூச்சோடும் திருநாமம் இணைகிறது. சைவர்க்கு ஐந்தெழுத்து; வைணவர்க்கு எட்டெழுத்து.

மனம் அலையும், அதில் குற்றமில்லை. அலைந்தது என்று அறிந்தவுடன் கடிந்துகொள்ளாமல் சுடரிடம் திரும்பினால் போதும். அந்த அறிதலே விழிப்பு. முதல் நாட்களில் என்னால் ஐந்து நிமிடமும் அமர முடியவில்லை. மழையின் ஓசையில் அவளுடைய இருமல் கேட்பதுபோல் இருக்கும், கண்ணீர் வரும். துடைத்துக்கொண்டு மீண்டும் மூச்சிடம் வருவேன். இன்றும் சில மாலைகளில் கண்ணீர் வருகிறது. ஆனால் அதற்கு அஞ்சி நான் எழுந்து ஓடுவதில்லை.

சில எச்சரிக்கைகளும் அவசியம். இரத்த அழுத்தமோ இதயநோயோ உள்ளவர்கள் மூச்சை உள்ளே அடக்கி நிறுத்தும் கும்பகத்தைச் செய்யலாகாது. எந்தப் பயிற்சியையும் மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள். குளிர்ச்சி தரும் சீதளி பிராணாயாமம் வேனிலுக்கு உரியது; மழையிலும் பனியிலும் அதைத் தவிர்ப்பது மரபு. வெறும் தரையில் அமராமல் கம்பளியோ பாயோ விரித்துக்கொள்ளுங்கள். தியானம் முடிந்ததும் சட்டென்று எழாமல், சற்றுப் பொறுத்து, ஒரு பிடிமானத்தைப் பற்றியே எழுங்கள். உறக்கமின்மையும் மனச்சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

மழை ஓய்ந்த நாட்களில் இப்போது மீண்டும் ஆலயம் செல்கிறேன். ஒரு கையில் ஊன்றுகோல். மறுகையைப் பேரன் பிடித்துக்கொள்கிறான். மழை கொட்டும் நாட்களில் வீட்டு விளக்கின் முன் அமர்கிறேன். இடம் மாறினாலும் காலம் தவறுவதில்லை. இவ்வாண்டும் கூதிரின் இருள் வரும். அதன் நடுவில் தீபம் வரும். பின்னர் திருவாதிரை வைகறையும் வரும். அதுவரை நம் ஒரு கால பூஜை தவறாதிருக்க அம்பலவாணன் திருவருள் துணை நிற்கட்டும்.