நூற்றுக்கு 97 சரி என்றால், எவ்வளவு சரி?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் வைக்கணும்னு சொல்லிட்டாங்க. சிக்கல் வர்றது நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்குத்தானாம். அந்தக் கணக்கை யாருங்க சரிபார்த்தாங்க?"

கேட்க வேண்டிய கேள்வி. இத்தகைய எண்கள் பலவும் பதிவேடுகளிலிருந்து வருபவை. அமெரிக்காவில் ஐ.சி.டி. கருவி (இதயத் துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் மின்அதிர்ச்சி கொடுத்துச் சீராக்குவது) பொருத்தப்பட்டோரின் தேசியப் பதிவேட்டை அலசியபோது, 1,11,707 பேரில் 25,145 பேருக்கு மருத்துவ வழிகாட்டுதலுக்குப் பொருந்தாமல் கருவி வைத்திருந்தது 2011-இல் தெரியவந்தது. அந்தப் பதிவேட்டையே தணிக்கை செய்து, கேஸ் ஷீட்டோடு சராசரியாக 91.2 விழுக்காடு பொருந்துகிறது என்று 2012-இல் வெளியிட்டார்கள். விளம்பரங்களில் இதைவிடப் பெரிய எண்கள் வரும். பெரிய எண் என்பதற்காக நம்பிவிட வேண்டாம்.

உங்கள் ஊர் உருளைக்கிழங்கு மண்டிக்கே போவோம். நூறு கிழங்கில் ஐந்து அழுகல். மூட்டையை அவிழ்க்காமலே "எல்லாம் நல்ல கிழங்கு" என்பவர் சொன்னதும் 95 விழுக்காடு சரி! கண்டுபிடித்த அழுகலோ ஒன்றுகூட இல்லை.

பதிவேட்டிலும் அப்படித்தான். நூறு சிகிச்சையில் ஐந்தில் சிக்கல். பதிந்தவர் இரண்டை மட்டும் எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். மீதி 95-இல் "இல்லை" என்று சரியாகவே எழுதிவிட்டார். மொத்தம் 97 பொருத்தம். ஆனால் 98 முறை "இல்லை" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தாலும் சுமார் 93.2 தானாகவே பொருந்தியிருக்கும். உழைத்துச் சம்பாதிக்க மிச்சமிருந்தது 6.8, இவர் சம்பாதித்தது 3.8. வகுத்தால் 0.56. இதுதான் 'கப்பா' எண். மூட்டையை அவிழ்க்காதவருக்குச் சுழியம். ஜேக்கப் கோஹென் என்ற உளவியலாளர் 1960-இல் தந்தது. வரலாறு அவ்வளவு போதும். தற்செயலுக்குப் போகவேண்டிய பங்கை இவ்வளவு எளிதாகக் கழித்துவிடுகிற இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

மூட்டையை இன்னும் கொஞ்சம் உதறுவோம். நல்ல தணிக்கையாளர் முன்பு எழுதியதைப் பார்க்காமல், குலுக்கலில் எடுத்த கேஸ் ஷீட்டுகளைத் தானே முதலிலிருந்து படித்து எழுதுவார். மேல் வரிசைக் கிழங்கை மட்டும் பார்க்காமல் முழுமூட்டையையும் கொட்டுவதுபோல. ஆனால் சில கிழங்கு வண்டியேறிய பிறகுதான் அழுகுகிறது. பேஸ்மேக்கர் வைத்த இடத்தில் சீழ் பிடிப்பதும், கம்பி நகர்வதும் வீடு திரும்பிய பிறகும் நடக்கலாம். நோயாளி வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டால், முதல் மருத்துவமனையின் பதிவேட்டில் அவர் நலமாகவே இருப்பார். கேஸ் ஷீட்டிலேயே இல்லாததை எந்தத் தணிக்கை கண்டுபிடிக்கும்?

வெளிநாட்டு எண்ணை அப்படியே இங்கே ஒட்டவும் முடியாது. இந்திய இதயத் துடிப்புச் சங்கத்தின் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறைகளின் துடிப்பு ஒழுங்கிழக்கும் நோய்) பதிவேட்டில் இருந்த 1,537 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ருமாட்டிக் வால்வு நோய் இருந்தது. மேலை நாடுகளில் அது அரிது.

ஆகவே, அப்பாவின் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: அந்த ஒன்றிரண்டு யாருடைய நோயாளிகளில் எண்ணியது? டிஸ்சார்ஜ் ஆன அன்றோடு எண்ணுவதை நிறுத்தினீர்களா, மூன்று மாதம் கழித்து வீட்டுக்கு ஃபோன் போட்டு விசாரித்தீர்களா?